ஒரே ஒரு காளான்தான் தெரியும்

காளான் பொறுக்கப் போவேன் என்று சொன்னதும் எல்லோரும் கேட்பது ஒரே கேள்விதான். "எது நல்ல காளான், எது விஷக்காளான்னு எப்படிக் கண்டுபிடிப்பீங்க?" கண்டுபிடிக்க மாட்டேன், அதுதான் பதில். எனக்குத் தெரிந்தது புற்றுக்காளான் ஒன்றுதான். அதைத் தூரத்தில் பார்த்தாலும் தெரியும், தொட்டாலும் தெரியும், தண்டோடு தோண்டிப் பார்த்துவிட்டால் சந்தேகத்துக்கே இடமில்லை. மற்றதெல்லாம் எனக்கு நாய்க்குடை. அதில் தின்னக்கூடியதும் இருக்கும், இருந்துவிட்டுப் போகட்டும். குனிந்து வேடிக்கை பார்ப்பேன், போட்டோ எடுப்பேன், அப்படியே விட்டுவிட்டு வந்துவிடுவேன்.

பத்து வகை தெரியும் என்று சொல்பவர் வீட்டைவிட, ஒரு வகையை முழுசாகத் தெரிந்தவர் வீட்டில்தான் நான் காளான் குழம்புக்குக் கை நனைப்பேன். பொழுதுபோக்கு என்று வைத்திருக்கிற எல்லாவற்றிலும் எனக்கு இந்தப் புத்திதான். பூச்செடியிலும் அப்படித்தான், ஒயர் கூடையிலும் அப்படித்தான். ஒன்றைப் பிடித்துக்கொண்டு வருஷக்கணக்கில் அதையே உருட்டிக்கொண்டிருப்பதில் ஒரு சுகம் இருக்கிறது. என் வீட்டுக்காரர் இதற்கு வேறு பெயர் வைத்திருக்கிறார், அதை இங்கே எழுத வேண்டாம்.

நாங்கள் இருப்பது நிலக்கோட்டைப் பக்கம். ஒரு பக்கம் சிறுமலை, இன்னொரு பக்கம் கொடைக்கானல் மலை, நடுவில் பூந்தோட்டமும் மாந்தோப்புமாக இருக்கிற மண். காப்புக்காட்டுக்குள் நான் போவதில்லை. அது வனத்துறை இடம், அனுமதி இல்லாமல் நுழையக்கூடாது. மலையில் இருக்கிற பளியர்களுக்குத் தெரிந்த காளான் கணக்கே வேறு, அதைப் பற்றிப் பேச எனக்கு அருகதை கிடையாது. நான் சுற்றுவதெல்லாம் வரப்பு, கண்மாய்க் கரை, சொந்தக்காரர் தோப்பு, பழைய புளியமரத்து அடி, இவ்வளவுதான்.

கோடை மழைக்கே சில இடங்களில் தலைகாட்டும். ஆனால் நம்பி இறங்குவது புரட்டாசியிலும் ஐப்பசியிலும்தான். நல்ல மழை ஒன்று பெய்து, மறுநாள் புழுக்கமாக இருந்து, ராத்திரி இடி இடித்தால் போதும், அப்பத்தா இருந்தவரை விடியும் முன்பே எழுப்பிவிடுவார். "எந்திரித்தா, முளைச்சிருக்கும், வெயில் ஏறுனா புழு விழுந்துரும்." இடிக்கும் காளானுக்கும் என்ன சம்பந்தம் என்று படித்தவர்கள் சிரிப்பார்கள். ஜப்பானில் இவாத்தே பல்கலைக்கழகத்தில் ஷிடாகே காளான் வளர்க்கும் மரக்கட்டைகளுக்கு மின்னல் மாதிரி உயர் மின்னழுத்தம் கொடுத்துப் பார்த்து, விளைச்சல் கூடுகிறது என்று சொல்லியிருக்கிறார்கள். அது கட்டையில் வளர்வது, நம்முடையது கரையான் வளர்ப்பது, இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பக்கூடாதுதான். ஆனாலும் அப்பத்தாவைப் பார்த்துச் சிரிப்பதைக் கொஞ்சம் ஒத்திப்போடலாம்.

கரையான் வளர்ப்பது என்றேன் இல்லையா, அது பேச்சுக்குச் சொன்னதில்லை. நிஜமாகவே விவசாயம். இந்த வகைக் கரையான்கள் காய்ந்த இலை, சுள்ளி, வைக்கோல் எல்லாவற்றையும் தின்று, அரைகுறையாகச் செரித்துக் கழித்து, அந்தக் கழிவாலேயே புற்றுக்குள் ஒரு கூடு கட்டும். புற்று இடிந்து கிடக்கிற இடத்தில் அதைப் பார்க்கலாம். பழுப்பாக, மடிப்பு மடிப்பாக, கையில் எடுத்தால் உதிர்கிற மாதிரி இருக்கும். அதன்மேல் பூஞ்சை படர்ந்து, கரையானால் தனியாகச் செரிக்க முடியாத மரச்சத்தை உடைத்து மெத்தென்று ஆக்கிக் கொடுக்கும். பூஞ்சையில் சின்னச் சின்ன வெள்ளை மணிகள் உண்டாகும், கரையான் அதையும் தின்னும், பழசாகிப்போன கூட்டையும் தின்னும், மேலே புதிதாகக் கட்டிக்கொண்டே போகும். இந்த ஏற்பாடு சுமார் 3 கோடி ஆண்டுகளாக நடக்கிறது என்கிறார்கள். மனுஷன் ஏர் பிடித்துப் பத்தாயிரம் வருஷம் சொச்சம்தான் ஆகிறது, அதற்குள் நமக்கு எவ்வளவு அலட்டல்.

மழைக்காலத்தில் அந்தப் பூஞ்சைதான் மண்ணைக் குத்திக்கொண்டு வெளியே வந்து காளானாக விரிகிறது. டெர்மிட்டோமைசிஸ் என்பது இந்தப் பேரினத்தின் பெயர், 1942ல் ரோஜே ஹைம் என்ற பிரெஞ்சுக்காரர் வைத்தது. தென்னிந்தியாவில் கிடைக்கிற ஒரு வகையை 1979ல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் கே. நடராஜன் விவரித்து, அந்த ஹைம் பெயரையே சேர்த்து டெர்மிட்டோமைசிஸ் ஹைமி என்று பெயரிட்டார். ஆப்பிரிக்காவில், ஜாம்பியாவில், இதே பேரினத்தில் குடை ஒரு மீட்டர் அகலம்வரை விரிகிற ஒன்று இருக்கிறது. அதை ஒரு தடவை நேரில் பார்த்துவிட வேண்டும் என்பது என் ஆசை, நடக்கிற காரியமா தெரியாது.

சரி, ஆளை எப்படி அடையாளம் கண்டுகொள்வது? மொட்டாக இருக்கும்போது உச்சி கூராக, கெட்டியாக இருக்கும், இறுகிப்போன புற்றுமண்ணை அந்தக் கூர்தான் துளைத்து வருகிறது. விரிந்த பிறகும் குடையின் நடுவில் அந்த முனை அப்படியே நிற்கும், சாம்பல் கலந்த பழுப்பாக. சுற்றி வெள்ளை. விரிய விரிய ஓரம் நடுவை நோக்கிக் கீறல் கீறலாகக் கிழியும். திருப்பிப் பார்த்தால் குடைக்கு அடியில் தகடு தகடாக இருக்கிற மடல்கள் நெருக்கமாக இருக்கும், தண்டைத் தொடாமல் நிற்கும், முதலில் வெள்ளை, நேரம் ஆக ஆக லேசாக ரோஸ் நிறம் ஓடும். தண்டில் ஒரு வளையம். கீழே கிண்ணம் மாதிரி பை எதுவும் இருக்காது. தண்டு மண்ணுக்குள் போகப் போக மெலிந்துகொண்டே ஒரு முழம்கூடப் போய்க் கரையான் கூட்டில் முடியும். இந்தக் கடைசி விஷயம்தான் எனக்கு உயிர். அதனால்தான் காளானை இழுத்துப் பறிக்கக்கூடாது, கத்தியால் மேலோடு அறுக்கவும் கூடாது. சுற்றி மண்ணை விரலால் தள்ளி, ஒரு குச்சியால் நெம்பி, தண்டு எங்கே போகிறது என்று பார்த்துக்கொண்டே இறங்க வேண்டும். பாதிக்கு மேல் இறங்கினால் போதும், கூடுவரை நோண்டினால் அப்பத்தாவுக்குக் கோபம் வந்துவிடும். "கூட்டக் கலைக்காத, அடுத்த வருசம் என்னத்தப் பொறுக்குவ?"

தோண்டுவதற்கு முன்னால் புற்றைச் சுற்றித் தடியால் நன்றாகத் தட்டிவிட வேண்டும். கரையான் புற்றெடுக்கப் பாம்பு குடியேறிய கதை பழமொழி மட்டும் இல்லை.

இவ்வளவு தெரிந்த பிறகும் வருஷத்தின் முதல் காளானுக்கு நான் ஒரு வேலை செய்வேன். குடையை மட்டும் தனியாக அறுத்து, பாதி வெள்ளை பாதி கறுப்பு அட்டையில் மடல் பக்கம் கீழே இருக்கும்படி வைத்து, மேலே ஒரு கிண்ணத்தைக் கவிழ்த்துவிட்டுத் தூங்கப் போய்விடுவேன். காலையில் குடையை எடுத்தால் அட்டையில் மடல் மடலாகக் கோடு விழுந்திருக்கும், அவ்வளவும் வித்துத்தூள், காளானுக்கு விதை மாதிரி. புற்றுக்காளானுக்கு அது வெளிர் ரோஸ் நிறத்தில் இருக்கும். கறுப்புப் பாதியில் பார்த்தால்தான் எவ்வளவு கனமாக விழுந்திருக்கிறது என்று தெரியும். என் மகள் சின்னவளாக இருக்கும்போது இந்த அட்டைகளை வாழ்த்து அட்டை என்று சேர்த்து வைத்திருந்தாள், விரல் பட்டால் அழிந்துவிடும், அதற்கு ஒரு அழுகை. எருக்குழிப் பக்கமும் புல்தரையிலும் அகலமாக, வெள்ளைக் குடையில் பழுப்புச் செதிலோடு ஒரு காளான் வரும், பார்க்க ரொம்ப லட்சணமாக இருக்கும். அதை இப்படிக் கவிழ்த்து வைத்தால் அட்டையில் மங்கலான பச்சை விழும். குளோரோபில்லம் என்ற விஷக்காளான் அது, தின்றால் சில மணி நேரத்தில் வாந்தியும் பேதியுமாகப் படுக்கையில் தள்ளிவிடும். அந்தப் பச்சையை ஒருமுறை பார்த்தால் போதும், அப்புறம் யாரும் "வெள்ளையா இருக்கே, நல்லதுதானே" என்று கேட்கமாட்டார்கள். ஆனால் ரோஸ் தூள் விழுந்தால் நல்ல காளான் என்றும் அர்த்தம் இல்லை, ரோஸ் தூள் விழுகிற விஷக்காளான்களும் உண்டு. எல்லா அடையாளமும் சேர்ந்து வர வேண்டும், ஒன்று குறைந்தாலும் கூடைக்குள் போடமாட்டேன்.

ஊரில் சொல்கிற சோதனைகளைப் பற்றி எனக்குக் கொஞ்சம் கோபமே உண்டு. வெள்ளிக் கரண்டி போட்டால் கறுக்கும், மஞ்சள் போட்டால் நிறம் மாறும், பூண்டு கறுத்தால் விஷம், பூச்சி கடித்திருந்தால் நல்லது, நன்றாக வேக வைத்தால் விஷம் போய்விடும். எதுவுமே உண்மை இல்லை. அமானிட்டா என்கிற காளான் வகையில் இருக்கிற கொல்லும் விஷம் வேகவைத்தாலும் போகாது, காயவைத்தாலும் போகாது. தின்றவுடனே ஒன்றும் தெரியாது, ஆறு மணி நேரத்துக்கு மேல், சில சமயம் அரை நாள் கழித்துத்தான் வயிறு பிடுங்க ஆரம்பிக்கும். அப்புறம் சரியாகிவிட்ட மாதிரி ஒரு நாள் போகும். அந்த நாளில்தான் உள்ளே கல்லீரல் கெட்டுக்கொண்டிருக்கும். 2022 ஏப்ரலில் அசாமில் காட்டுக்காளான் சாப்பிட்டு 13 பேர் இறந்தார்கள், பெரும்பாலும் தேயிலைத் தோட்டக் குடும்பங்கள். அந்த வகையில் பலவற்றுக்கு அடியில் ஒரு பை இருக்கும், அது மண்ணுக்குள் புதைந்திருக்கும். மேலோடு அறுத்தால் அந்தப் பை மண்ணிலேயே தங்கிவிடும், கையில் வருவது வெறும் அழகான வெள்ளைக் காளான். தோண்டு தோண்டு என்று நான் அடித்துக்கொள்வது இதற்காகத்தான். போன் கேமராவைக் காட்டினால் பெயர் சொல்கிற செயலியை நம்பி அடுப்பில் ஏற்றுகிறவர்களை என்ன சொல்வது! சந்தேகம் வந்தால் வாந்தி வரும்வரை காத்திருக்காமல், மிச்சக் காளானையும் எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். இந்தப் பதிவைப் படித்துவிட்டு யாரும் காளான் பொறுக்கக் கிளம்பவும் வேண்டாம். உங்கள் ஊரில் வருஷா வருஷம் பொறுக்கித் தின்று உயிரோடு இருக்கிற ஒரு பெரியவர் பின்னாலேயே சில மழைக்காலம் நடந்துவிட்டு, அப்புறம் பார்த்துக்கொள்ளுங்கள்.

வீட்டுக்குக் கொண்டுவந்த பிறகு மண் போகக் கழுவுவதுதான் பெரிய பாடு. தண்டை மேலாகச் சுரண்டிவிட்டு, குடையை மடல் கீழே பார்க்க வைத்துத் தண்ணீரில் அலச வேண்டும், ஊறவிடக்கூடாது. கத்தியே வேண்டாம், கையால் நீளவாக்கில் கிழித்தால் நாட்டுக்கோழிக் கறி மாதிரி நார் நாராக வரும். சின்ன வெங்காயம் நிறைய, மிளகு, சீரகம், கொஞ்சம் தேங்காய், அவ்வளவுதான் குழம்பு. கரம் மசாலா போட்டால் அந்த வாசனை செத்துவிடும். மொட்டுக் காளானைத் தனியாக எடுத்து உப்பும் மிளகும் தடவி, வாழை இலையில் மடித்துக் கங்கில் சுட்டால் அது ஒரு தனி ருசி, ஆனால் அடுப்பைச் சுற்றி நிற்கிறவர்களுக்கே அது சரியாகப் போய்விடும், உள்ளே உட்கார்ந்திருப்பவர்களுக்குக் குழம்புதான்.

"இவ்வளவு அலைவதற்கு வீட்டிலேயே வளர்க்கலாமே" என்பார்கள். சிப்பிக்காளானை வைக்கோலில் வளர்க்கலாம், பால் காளானில் அருப்புக்கோட்டை ஆராய்ச்சி நிலையம் கொடுத்த ஏ.பி.கே. 2 ரகம் நம் வெயிலுக்கே நன்றாக வரும், நல்ல காளான்தான், நானும் வாங்கிச் சமைக்கிறேன். ஆனால் புற்றுக்காளானைப் பண்ணையில் வளர்க்கும் வழி இன்னும் பிடிபடவில்லை. கரையான் மனசு வைத்தால்தான் உண்டு. இப்போது நிலத்தைச் சமப்படுத்துகிறேன் என்று ஜேசிபியை விட்டுப் புற்றை எல்லாம் நிரவிவிடுகிறார்கள், கரையானுக்கு மருந்தும் ஊற்றுகிறார்கள், அப்பத்தா காட்டிய இடங்களில் பலது இன்றைக்கு பிளாட் கல் நட்ட இடமாகக் கிடக்கிறது. அம்மன் புற்று என்று மஞ்சள் பூசிப் பாலூற்றுகிற புற்று மட்டும் தப்பித்து நிற்கிறது. அங்கே பொறுக்க எனக்கு மனசு வராது. மிச்சம் இருக்கிற இடம் எது என்று கேட்டால் கூடப்பிறந்த தம்பிக்கே சொல்லமாட்டேன், அவனும் அவன் இடத்தை எனக்குச் சொன்னதில்லை.

கார்த்திகை பிறந்தால் காளான் ஓய்ந்துவிடும், அப்புறம் மல்லி வேலை. நவம்பர் கடைசியில் குண்டுமல்லியைக் கவாத்து பண்ண வேண்டும், தரையிலிருந்து ஒன்றரை அடி விட்டுவிட்டு மேலே இருப்பதை எல்லாம் வெட்டிவிட வேண்டும். முதல் தடவை பார்க்கிறவர்களுக்கு வயிறு எரியும். பச்சைப் பசேல் என்று நிற்கிற செடியை மொட்டைக் குச்சியாக ஆக்கினால்தான் மாசி, பங்குனியில் புதுத் துளிர் வெடித்து அதன் நுனியில் மொட்டு வைக்கும். பழைய கிளையில் என்னதான் உரம் போட்டாலும் பூ கம்மிதான். என் அத்தை, அதாவது மாமியார், இந்த வேலையை யாரிடமும் விடமாட்டார். எங்கள் வீட்டு மல்லியின் மூலம் ராமேஸ்வரம் பக்கம் தங்கச்சிமடத்திலிருந்து வந்த நாற்று. மதுரை மல்லி மதுரை மல்லி என்று பேர், 2013ல் புவிசார் குறியீடுகூட வாங்கியாகிவிட்டது, ஆனால் மதுரையைச் சுற்றி நடுகிற நாற்றில் நிறைய அந்தக் கடற்கரை மணலில் வேர் பிடித்து வருவதுதான்.

நர்சரியில் பெட்டூனியா, டேலியா எல்லாம் தொட்டியோடு அழகாக வைத்திருக்கிறார்கள், நான் வாங்குவதில்லை. கட்ட முடியாத, தலையில் வைக்க முடியாத பூவை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய? அதனால் மண்ணில் நிற்பது முக்கால்வாசி மல்லிதான். மார்கழியில் மல்லி இருக்காது, பனிக்கு மொட்டு கருகும், சந்தையில் கிலோ ஆயிரக்கணக்கில் ஏறிப் பேப்பரில் செய்தியாக வரும். அந்த நேரத்துக்கு வேலியோரம் டிசம்பர் பூவும் கனகாம்பரமும். மணம் கிடையாது, ஆனால் கனகாம்பரம் கட்டி வைத்தால் இரண்டு மூன்று நாளைக்கு வாடாது, மல்லிக்கு அந்தப் பொறுமை இல்லை.

கனகாம்பரத்தில் எனக்குப் பிடித்தது பூகூட இல்லை, விதை. கதிர் காய்ந்து பழுப்பானதும் அதில் இருக்கிற சின்னக் காயை ஒன்று பறித்து உள்ளங்கையில் வைத்து, ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுக் காத்திருக்க வேண்டும். ஒன்றும் நடக்காது. நடக்காது என்று வேறு பக்கம் திரும்பும்போது பட் என்று வெடிக்கும், காய் இரண்டாகப் பிளந்து நாலு விதையும் நாலு பக்கம் தெறிக்கும். காயும்போதே இரண்டு ஓடும் முறுக்கேறி நிற்கும், ஒட்டியிருக்கிற விளிம்பு ஈரத்தில் இளகியதும் முறுக்கு விட்டுப் பிரியும், உள்ளே விதைக்கு அடியில் ஒரு கொக்கி இருக்கிறது, அதுதான் விதையை உந்தித் தள்ளுகிறது. மழை வந்தால் மட்டும் விதை போடுகிற ஏற்பாடு. பள்ளிக்கூடத்தில் எச்சில் தொட்டு வெடிக்கவிட்ட பட்டாசுக்காய் ஞாபகம் இருக்கிறதா, அதுவும் டிசம்பர் பூவும் ஆடாதொடையும் கனகாம்பரமும் ஒரே குடும்பம்தான். டெல்லி கனகாம்பரம் என்று ஆரஞ்சு நிறத்தில் பெரிய பூவாக வருவது விதையே வைக்காது, குச்சி வெட்டி நட வேண்டியதுதான். பூ பெரிசு, விளையாட்டு இல்லை. என் வேலியில் அதற்கு இடம் கொடுக்கவில்லை.

பங்குனி, சித்திரையில் மல்லி கொட்டும்போது காலையில் வெயிலுக்கு முன் மொட்டாகப் பறித்துவிட வேண்டும். அன்றைக்குச் சாயங்காலம் மலரப்போகிற மொட்டு எது, நாளைக்கு எது என்று கை பார்த்துக்கொள்ளும். மலரப்போவது வெள்ளை வெளேர் என்று உருண்டிருக்கும், காம்பும் நீண்டிருக்கும். நாளைய மொட்டில் நுனியில் பச்சை விடாமல் நிற்கும். ஊதா நிறம் ஏறி இருந்தால் உள்ளே புழு, அதைக் கிள்ளி நசுக்கிவிட்டுத்தான் அடுத்ததைத் தொடுவேன். வேப்பெண்ணெய் அடிக்கிறேன், அதற்கு மேல் மருந்து அடிப்பதில்லை. எங்களைச் சுற்றி இருக்கிற தோட்டங்களில் இருட்டோடு தலையில் டார்ச் மாட்டிக்கொண்டு பறிக்கிறார்கள், சந்தைக்குப் போகிற பூ, அவர்கள் கை வேகத்துக்கு முன் நான் செய்வது பொம்மை விளையாட்டுதான்.

பறித்த பூவைக் கட்டுவதுதான் எனக்கு நாளின் நல்ல நேரம். வாழை நாரைத் தண்ணீரில் நனைத்து, ஊக்கால் மெல்லிசாகக் கிழித்துக்கொள்ள வேண்டும். நூல் வேண்டாம், நூல் காம்பை அறுக்கும், நார்தான் ஈரத்தையும் வைத்துக்கொள்ளும். இடது கைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் இரண்டு மொட்டு ஒரு பக்கம் பார்க்க, இரண்டு மொட்டு எதிர்ப்பக்கம் பார்க்க, காம்போடு காம்பு ஏறி உட்கார வைத்து, நாரைக் காம்புக்கு மேலே ஒரு சுற்று, அப்புறம் வலது கை விரலில் ஒரு வளையம் போட்டு அதைக் காம்புகளின் மேல் மாட்டி இழுத்தால் முடிச்சு. எவ்வளவு இழுப்பது என்பதைச் சொல்லிக்கொடுக்க முடியாது. இளக்கமாக விட்டால் பூ உருவிக்கொள்ளும், இறுக்கினால் காம்பு ஒடிந்து சாயங்காலம் பழுத்துவிடும். அத்தை டிவியில் சீரியல் பார்த்துக்கொண்டே, கையைப் பார்க்காமல் கட்டுவார், ஒரு முழம் முடிக்கும்போது இடைவெளி ஒரே சீராக இருக்கும். நான் கட்டியதைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "சாமிக்குப் போடலாம்" என்பார். மனுஷர் தலையில் வைக்க ஆகாது என்று அதற்கு அர்த்தம்.

வைகாசி வெயிலில் வெளியே தலைகாட்ட முடியாது. அப்போதுதான் ஒயர் கூடை. பிளாஸ்டிக் ஒயர் ரோல் வாங்கி, முழம் போட்டு வெட்டி, முதலில் அடியைப் போட வேண்டும். அடி நேராக வந்தால் பாதிக் கூடை முடிந்த மாதிரி. அப்புறம் ஓரத்தை மடக்கி மேலே எழுப்பி, சுற்றிச் சுற்றி வரிசை ஏற்ற வேண்டும். எனக்குத் தெரிந்தது நெல்லிக்காய் முடிச்சு. அது எழும்பி, கெட்டியாக நிற்கும், கூடை சாய்ந்துகொள்ளாது. காளானுக்கு அதுதான் தோது. பிளாஸ்டிக் பையில் போட்டால் வேர்த்து நசுங்கிக் கூழாகிவிடும், துணிப்பையில் ஒன்றோடொன்று மோதி உடையும், வாய் அகலமான நெல்லிக்காய்க் கூடையில் அடியில் தேக்கிலை விரித்துப் படுக்க வைத்தால் வைத்தபடி வீடு வந்து சேரும். கூடைகளைக் காசுக்குக் கொடுக்கச் சொல்லிச் சிலர் கேட்கிறார்கள். நான் ஒரு விலை சொல்வேன், "கடையில இதுல பாதிதானே" என்பார்கள், "அப்ப கடையிலயே வாங்கிக்கங்க" என்பேன், பேச்சு அதோடு முடிந்துவிடும்.

கைப்பிடிதான் இன்னும் இழுபறி. உள்ளே நாலைந்து ஒயரைச் சேர்த்து வைத்து, மேலே இன்னொரு ஒயரைப் பின்னிக்கொண்டே போக வேண்டும், சுற்றுகிற கை ஒரு இடத்தில் தளர்ந்தாலும் பாரம் ஏற்றும்போது அந்த இடம் பிதுங்கிக்கொண்டு வரும். இப்போது கையில் இருக்கிறது மெரூன் கூடை, கைப்பிடிக்கு மஞ்சள் போடலாம் என்று நான், கறுப்புத்தான் அழகு என்று மகள். நாத்தனார் வேறு போன வாரம் வந்துவிட்டு, "அண்ணி, எனக்கு ஒரு சிவன் கண் கூடை போட்டுக் குடுங்க, ஓட்டை ஓட்டையா அழகா இருக்கும்ல" என்று கேட்டுவிட்டுப் போயிருக்கிறார். எனக்கு சிவன் கண் முடிச்சு போடத் தெரியாது, கற்றுக்கொள்கிற உத்தேசமும் இப்போதைக்கு இல்லை. நெல்லிக்காயில் வேண்டுமானால் எந்த நிறத்தில் கேட்டாலும் போட்டுத் தருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன். திண்டுக்கல்லில் வாங்கிக்கொள்வதாகச் சொல்லிவிட்டார்.